கீழே இறக்கி வைத்த குரல்

வெண்ணந்தூர்
29.06.2025

சிவபிரகாஷுக்கு,

உஷாராணி எழுதுவது. உன் நம்பரை என் போனில் இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன் என்பதால் இமெயிலில் எழுதுகிறேன். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அந்த வித்தை உனக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி நம் தெரு மாரியம்மனுக்கு ஆடி நோம்பித் திருவிழா. நம் வெண்ணிலா இன்னிசைக் குழு கலைந்து, நீ சென்னைக்குப் போன பிறகும் அந்த மேடையை நான் விடவில்லை. நீ விட்டுப்போன லேப்டாப்பில் வாத்தியத்தை ஓட விட்டு, வருடா வருடம் தனியாளாக ஒரு மணி நேரம் பாடுகிறேன். போன வருடம் வாத்தியம் என்னை முழுங்கிவிட்டது. மைக்கை ஏற்றினால் கீச்சென்று கத்துகிறது. வாத்தியத்தை இறக்கினால் இழவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறது.

போன வாரம் கோயில் கமிட்டி சுப்பையன் வீட்டுக்கே வந்துவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க உஷா. போன நோம்பிக்கு நீங்க பாடுனது ஒண்ணுமே காதுல உளுகலீங்க. பசங்க டீஜே வெக்கலாமுங்கறாங்க" என்றார். சண்டை போட்டு இந்த ஒரு வருடத்தை வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவையும் என் குரல் கேட்கவில்லை என்றால், பாவாடை சட்டை போட்ட வயதில் ஏறிய மேடையை விட்டு நான் இறங்க வேண்டியதுதான்.

குழு இருந்தபோது நான் வாயைத் திறந்ததும் வாத்தியமெல்லாம் தானாகப் பணியுமே, அதை லேப்டாப்பில் எப்படிச் செய்தாய்? எழுது.

அந்தப் பாட்டைப் பற்றிப் பேச நான் இதை எழுதவில்லை. படத்தில் என் குரல் வருகிறது என்று நீ சொன்னதை நம்பி, நம் தறிப்பட்டறை ஆட்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு ராசிபுரம் தியேட்டருக்குப் போய், அங்கே வேறொருத்தி பாடுவதைக் கேட்டுவிட்டு வந்தேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

உஷாராணி


சென்னை
03.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பெயரைத் திரையில் பார்த்ததும் கொஞ்ச நேரம் திறக்கவே பயமாக இருந்தது. நீயும் மாமாவும் நலமா? நீ பேசாதே என்றதைப் பேசவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

லேப்டாப்பில் ப்ளகின்களை மாட்டி ஓட்டும் அந்த சாஃப்ட்வேரைத் திற. இரண்டு வரிசையாகப் பெட்டிகள் தெரியும், ஒவ்வொரு பெட்டியும் ஒரு ப்ளகின். மேல் வரிசையில் உன் மைக் வருகிறது. குரலைச் சுத்தம் செய்யும் பெட்டி, பிறகு எதிரொலி சேர்க்கும் பெட்டி. கீழ் வரிசையில் வாத்தியம். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தறி மாதிரி. இதில் என்ன ஓடுகிறதென்று அதற்குத் தெரியாது. நாம்தான் தெரியப்படுத்த வேண்டும்.

கீழ் வரிசையில் கம்ப்ரஸர் என்று ஒரு பெட்டியை மாட்டு. அதன் வேலை சத்தத்தை அமுக்குவது. இப்போது மேல் வரிசையிலிருந்து உன் குரலின் நகல் ஒன்றை எடுத்து, அந்தக் கம்ப்ரஸருக்குப் பக்கவாட்டில் கொடு. இதைத்தான் சைட்செயின் என்பது. அந்த நகல் ஜனங்கள் காதில் விழாது, கம்ப்ரஸருக்கு மட்டும் கேட்கும். அக்கா பாடுகிறாள் என்றால் வாத்தியத்தை அமுக்கும், அக்கா நிறுத்திவிட்டாள் என்றால் விட்டுவிடும்.

இரண்டு விஷயம் கவனம். நகலை எதிரொலிப் பெட்டிக்கு முன்னாலேயே எடு. பின்னால் எடுத்தால் நீ பாடி முடித்தும் எதிரொலி ஓயும்வரை வாத்தியம் எழுந்திருக்காது. இன்னொன்று, நகல் எடுக்கும் இடத்தில் ப்ரீ பேடர் என்று இருக்கும், அதைப் போடு. பேடர் என்பது சத்தத்தை ஏற்றி இறக்கும் அந்தக் கட்டை. அதற்கு முன்னால் எடுத்துவிட்டால், கட்டையை அடிவரை இறக்கினாலும் நகல் போய்க்கொண்டே இருக்கும். மைக்செட் கருப்பண்ணன் அண்ணன் நடுவில் கையை வைத்து உன் சத்தத்தைக் குறைத்தாலும் வாத்தியம் துள்ளாது.

வாத்தியத்துக்கு எதை ஓட விடுகிறாய்? கடையில் கிடைக்கும் ட்ராக் வேண்டாம் அக்கா. நம் கடைசி நிகழ்ச்சி, மல்லசமுத்திரத்தில் வாசித்தது, என் கீபோர்டு மட்டும் தனியாக அதே லேப்டாப்பில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்.

இதை எழுதும்போது பனமரத்துப்பட்டி நோம்பி ஞாபகம் வந்தது. இரண்டாவது சரணம் உனக்கு அடியோடு மறந்துபோய், மூச்சு வாங்குகிற மாதிரி மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கைக்கு வந்ததையெல்லாம் இட்டுக்கட்டி வாசித்துக்கொண்டே உன் முகத்தைப் பார்த்தேன். வரி ஞாபகம் வந்ததும் உன் கழுத்தில் ஒரு நரம்பு அசையும், அதைப் பார்த்து விரலை எடுத்தேன். கீழே ஓர் அம்மா, "அந்தப் பையன் என்னமா வாசிக்குது பாரு" என்று சொன்னதற்காக, ஏரிக்கரை முழுக்க வேனில் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாய். இங்கே பெரிய பெரிய ஆட்களோடு வேலை செய்கிறேன். யார் கழுத்தையும் அப்படிப் பார்த்து வாசித்ததில்லை.

தம்பி
சிவபிரகாஷ்


வெண்ணந்தூர்
08.07.2025

சிவபிரகாஷுக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். கம்ப்ரஸர் மாட்டினேன், நகல் கொடுத்தேன், எதிரொலிக்கு முன்னால்தான் எடுத்தேன். வாத்தியத்துக்குப் பேய் பிடித்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை, அது பாட்டுக்கு அமுங்கி எழுகிறது, அமுங்கி எழுகிறது. உன் கீபோர்டு விக்கல் எடுத்த மாதிரி இருக்கிறது. அன்பரசு மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ர தம்பி வாசிக்கறப்ப தண்ணி குடிக்கலியாட்ட இருக்குது" என்றார்.

உன்னைக் கேட்டதே தப்பு என்று ஒரு நிமிடம் தோன்றியது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுத்தாயோ என்றும் தோன்றியது. பிறகு, அப்படிச் செய்கிறவன் இவ்வளவு நீளமாக எழுதமாட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பனமரத்துப்பட்டியில் நான் கிள்ளியது அந்த அம்மா சொன்னதற்காக இல்லை. எனக்குப் பாட்டு மறந்துபோனது ஊருக்கே தெரியாமல் நீ மறைத்துவிட்டாய், உனக்கு நன்றி சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் கிள்ளினேன்.

விக்கலை நிறுத்த வழி சொல்.

உஷாராணி


சென்னை
10.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் குழம்பினேன். நீ சொன்ன மாதிரியே இங்கே மாட்டிப் பார்த்தேன், ஒழுங்காக ஓடுகிறது. இன்று டீக்கடையில் நிற்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. அக்கா, நீ இதைச் சோதித்துப் பார்த்தபோது தறி ஓடிக்கொண்டிருந்ததா?

ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். உன் மைக் தறிச் சத்தத்தையும் வாங்கி நகலில் அனுப்புகிறது. கம்ப்ரஸருக்கு அக்கா யார், தறி யார் என்று தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் நீ பாடுகிறாய் என்று நினைத்து வாத்தியத்தை அமுக்குகிறது. உனக்குத் தறிச் சத்தம் காதில் விழுந்திருக்காது. அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தறி நின்றால்தான் சத்தம் கேட்கும். என்னைச் சொல், ஒலியை வைத்துப் பிழைக்கிறவன், கதவை அடைத்தால் ஈ பறப்பதுகூடக் கேட்காத அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து தறியையே மறந்துவிட்டேன்.

நாம் எப்போதும் அமாவாசையில்தானே ரெக்கார்டிங் வைப்போம்? அமாவாசைக்குத் தெருவில் எல்லாப் பட்டறையும் லீவு. மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில் நாம் நூல் கோன் அடுக்கிய அறையில் போர்வையைத் தொங்கவிட்டு மைக்கை வைத்துவிடுவோம். மாதத்தில் ஒரு நாள்தான் ஊர் வாயை மூடும், அதற்குள் பாடிவிடு என்பாய். ஒரு தடவை மாமா லீவு என்பதை மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டார், நீ பாட்டு நடுவிலேயே ராகத்தோடு அவரைத் திட்டினாய். அந்தத் திட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்போது வழி. கம்ப்ரஸருக்குப் போகும் நகலில் ஒரு ஃபில்டர் போட்டு, அடிச்சத்தத்தை, அதாவது கனத்த கீழ் ஒலியை, வெட்டு. தறியின் தடதடப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பிறகு, எந்த அளவுக்கு மேல் சத்தம் வந்தால் அமுக்க வேண்டும் என்கிற கோட்டைக் கொஞ்சம் உயர்த்து. மீதியை ஆடி அமாவாசையன்று தறி நின்றிருக்கும்போது உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்.

பார்த்துப் போட ஒரு மாதிரி வேண்டுமென்றால், நான் முறையாக மாட்டிய ப்ராஜெக்ட் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். எது என்று திறந்தால் தெரியும். கோபப்படாதே. பாட்டைக் கேட்க வேண்டாம், எந்த நகல் எங்கே போகிறது என்று மட்டும் பார்.

தம்பி
சிவபிரகாஷ்


வெண்ணந்தூர்
25.07.2025

தம்பிக்கு,

நேற்று ஆடி அமாவாசை. தெரு அடங்கிக் கிடந்தது. மாமா குளித்துவிட்டு மோகனூர் ஆற்றுக்குப் போய்விட்டார். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நூல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

நீ அனுப்பியதைத் திறந்தேன். அந்தப் பாட்டு. மூடிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் விளக்கினேன். மறுபடி வந்து திறந்தேன். கேட்கத்தானே கூடாது, பார்க்கலாமே என்று சத்தத்தை அணைத்துவிட்டு ஓட விட்டேன்.

வயலினுக்கு ஒரு வரிசை, தோல் வாத்தியத்துக்கு ஒரு வரிசை, புல்லாங்குழலுக்கு ஒன்று. மூன்றிலும் கம்ப்ரஸர் இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் பணிந்தன, ஒரே நேரத்தில் எழுந்தன. இந்தப் பெண் பாடுவதற்குத்தானே பணிகின்றன என்று அவள் குரல் வரிசையில் தேடினேன். அதிலிருந்து ஒரு நகலும் எங்கும் போகவில்லை. கடைசியில் கீழே ஒரு வரிசை இருந்தது. அதற்கு நீ "அக்கா" என்று பெயர் வைத்திருந்தாய். பேடர் கட்டை அடிவரை இறங்கியிருந்தது. ஆனால் பக்கத்தில் பச்சை விளக்கு மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று கம்ப்ரஸருக்கும் நகல் அங்கிருந்துதான் போயிருந்தது. ப்ரீ பேடர்.

சத்தத்தைப் போட்டு, கட்டையை மேலே தள்ளினேன். படத்துக்கென்று நீ பதிவு செய்த என் குரல், லேப்டாப்பிலிருந்து நான் பாடினேன்.

பல்லவி முடியும் இடத்தில் எனக்கு ஒரு மூச்சு உண்டு, இரண்டு வார்த்தைக்கு நடுவில் வாங்கிவிடுவேன், கூடாது என்று நீ அடித்துக்கொள்வாய். அந்த இடத்தில் வயலின் எழுந்து நின்று எனக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பெண் அங்கே மூச்சே வாங்கவில்லை. அவள் பாடிக்கொண்டே போகிறாள், வயலின் என் மூச்சுக்கு எழுகிறது.

அழுதேன். மறைப்பானேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், தறி ஓடாத நாளில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். பிறகு கோபம் வந்தது. மண்ணுக்குள் புதைத்து வைத்துவிட்டு, மேலே விளைந்ததெல்லாம் உன்னால்தான் அக்கா என்பாயா? இது எனக்குச் செய்த மரியாதையா, பாவம் என்று போட்ட பிச்சையா? கருப்பண்ணன் அண்ணன் அன்று தியேட்டர் வாசலில், "உடு சாமி, அடுத்த படத்துல வரும்" என்று சொன்னார். அந்தச் சொல்லைவிட இது எனக்கு வலிக்கிறது, இனிக்கவும் இனிக்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எனக்கு என் குரல் வெளியே கேட்க வேண்டும், சிவா. அவ்வளவுதான் நான் கேட்டது.

அக்கா


சென்னை
28.07.2025

அக்கா,

பிச்சை இல்லை. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

குரலை மாற்று என்று படக் கம்பெனியில் மேலே இருப்பவர்கள் முடிவு செய்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் வந்து பாடிவிட்டுப் போனாள், நன்றாகத்தான் பாடினாள். உன் வரிசையை அழித்துவிட்டு அவள் குரலிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்தேன். பாட்டு செத்துப்போனது. ஸ்வரம் சரி, தாளம் சரி, ஆனால் வாத்தியங்கள் எங்கே எழ வேண்டும், எங்கே பணிய வேண்டும் என்று தெரியாமல் தடுமாறின. அந்த வாத்தியத்தையெல்லாம் நான் உன் மூச்சை வைத்துத்தான் எழுதியிருந்தேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்து, கட்டையை மட்டும் இறக்கினேன். கேட்டவர்கள், ஏதோ செய்திருக்கிறாய், உயிர் வந்துவிட்டது என்றார்கள். என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படம் வருவதற்கு முன்னால் உனக்குப் போன் செய்ய எத்தனையோ தடவை எடுத்தேன். நீ வேனுக்குச் சொல்லிவிட்டதாக மாமா சொன்னார். அப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

உன் குரல் வெளியே கேட்க வேண்டும் என்றாய். அது உன் கையில்தான் இருக்கிறது. மேடையில் கட்டை உன் விரலுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் உட்கார்ந்து இறக்குகிற இடத்தில் இல்லை.

கம்ப்ரஸரில் ரிலீஸ் என்று ஒரு திருகு இருக்கிறது, நீ நிறுத்தியதும் வாத்தியம் எவ்வளவு சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்கு. அதற்கு நான் எண் சொல்லமாட்டேன். நீ பாடிப் பாடித் திருப்பு. மூச்சு வாங்குவதற்குள் அது எழுந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு.

நோம்பிக்கு வரட்டுமா என்று எழுதினேன். அழித்துவிட்டேன்.

சிவா


வெண்ணந்தூர்
07.08.2025

சாமி,

நேற்று நோம்பி முடிந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன், தொண்டை கட்டியிருக்கிறது.

விளக்கு வைத்ததும் மேடை ஏறினேன். நோம்பிக்குத் தெருத் தறியெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் உன் ஃபில்டரை நான் எடுக்கவில்லை, தெருக்கோடிப் பட்டறைக்காரன் ஆர்டர் அவசரம் என்று ரகசியமாக ஓட்டுவான் என்று தெரியும். ஓட்டினான். கருப்பண்ணன் அண்ணன் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, "இந்தத் தடவ எதையும் தொட மாட்டனுங்க, நீங்களே பாத்துக்கங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுப்பையன் முன் வரிசையில் நாற்காலி போட்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அம்மன் பாட்டை எடுத்தேன். வாயைத் திறந்ததும் உன் கீபோர்டு பணிந்தது. எனக்கு என் குரல் கேட்டது. பெரிய ஸ்பீக்கரில், தெருக்கோடி வரைக்கும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பயந்துவிட்டேன், இவ்வளவு சத்தமா நான் என்று.

பல்லவி முடிகிற இடத்தில் வழக்கம்போலக் கூடாத இடத்தில் மூச்சு வாங்கினேன். நீ எழுந்தாய். மல்லசமுத்திரத்தில் என்றைக்கோ வாசித்த உன் விரல், நேற்று என் மூச்சுக்கு எழுந்து வந்து நின்றது. நான் பாட ஆரம்பித்ததும் ஒதுங்கியது. அடுத்த மூச்சுக்கு மறுபடி வந்தது. எங்கே பாட்டை மறந்தாலும் இவன் பார்த்துக்கொள்வான் என்று பனமரத்துப்பட்டியில் இருந்த தைரியம் வந்துவிட்டது. ஒரு பாட்டில் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினேன், நீ என்ன வாசித்தாய் என்று கேட்க. நன்றாகத்தான் வாசித்திருக்கிறாய். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

ஒரு மணி நேரம் என்றது நீண்டுபோனது, யாரும் எழுந்திருக்கவில்லை. இறங்கும்போது சுப்பையன் வந்து, "டீஜேவை வேணும்னா மறுநாளைக்கு வெச்சுக்கட்டுமுங்க" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

மேடைக்குப் பின்னால் மாவிளக்குத் தட்டோடு ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பாராட்டத்தான் வருகிறார் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்க, கீபோர்டு வாசிச்சது யாருங்க? என்னமா வாசிச்சுதுங்க! மேடையில ஆளையே காணோமே?" என்றார். பார்த்தாயா, இந்த ஊரில் எனக்கு வாய்ப்பதே இப்படித்தான். உன் தொடை பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

"எந்தம்பிங்க" என்றேன். "சென்னையில இருக்கறானுங்க. அடுத்த நோம்பிக்கு வந்துருவானுங்க."

நீ வரட்டுமா என்று எழுதி அழித்ததாகச் சொன்னாய். நான் வா என்று எழுதி அழித்தேன். ரெண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தானே. இனிமேல் அழிக்காதே. மல்லசமுத்திரத்து ட்ராக் ஒரு தடவைக்குப் போதும், அடுத்த வருடம் ஆளே வந்து உட்கார வேண்டும். அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடு. அமாவாசை வரட்டும் என்று காத்திருக்காதே. தறி ஓடினால் ஓடட்டும், கத்திப் பேசு.

அக்கா